நிரலாக்க உதவியாளருக்கு நிலையான நினைவகம்: திறமூலக் கருவிகளில் எதை, எதற்காகத் தேர்வது?

இரண்டு பேர் கொண்ட சிறு குழுவாக ஒரு விலைப்பட்டியல் மென்பொருளைப் பராமரிப்பதாகவும், செயற்கை நுண்ணறிவு நிரலாக்க உதவியாளரிடம் ஒவ்வொரு புதிய அமர்விலும் அதே விவரங்களைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உதவியாளருக்கு நிலையான நினைவகம் தரும் திறமூலக் கருவிகளில் எதை நிறுவலாம், குறிப்புகளைத் தமிழில் வைத்துக்கொண்டால் அவை வேலை செய்யுமா, அந்த நினைவை இருவரும் பகிர்ந்துகொள்ள முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கான விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும் சில மார்க்டவுன் (எளிய குறியீடுகள் கொண்ட உரை) கோப்புகளில் தொடங்குங்கள், அவை எந்த இடத்தில் போதாமற்போகின்றன என்பது தெரிந்த பிறகு, அந்தக் குறையைத் தீர்க்கும் கருவியை மட்டும் சேருங்கள். இதற்கான காரணத்தைச் சொல்லச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உதவியாளருக்குப் பின்னால் இயங்கும் மொழி மாதிரி தன்னளவில் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் ஒரு வரி தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முறையும், அதுவரை நடந்த உரையாடல், படிக்கப்பட்ட கோப்புகள், ஓட்டப்பட்ட கட்டளைகளின் வெளியீடு ஆகிய அனைத்தையும் உதவியாளர் மென்பொருள் ஒன்றாகத் திரட்டி மாதிரிக்கு அனுப்புகிறது. அந்தத் திரட்டு கொள்ளும் அளவைத்தான் சூழல் சாளரம் என்கிறோம். அமர்வை மூடியதும் அது கைவிடப்படுகிறது. மிக நீளமான அமர்வில், மூடுவதற்கு முன்னரே பழைய பகுதிகள் சுருக்கப்பட்டு, சுருக்கத்தில் இடம்பெறாதவை போய்விடுகின்றன. ஆகவே நினைவகம் என்ற பெயரில் வரும் கருவி எதுவானாலும், அது செய்வது ஒன்றே: வெளியே எங்கேயோ எழுதி வைக்கப்பட்ட எழுத்தைத் தக்க தருணத்தில் அந்தத் திரட்டுக்குள் மீண்டும் சேர்க்கிறது. இதனால் மாதிரியின் எடைகள் (பயிற்சியில் கற்றதைத் தாங்கும் எண்கள்) மாறுவதில்லை, அது எதையும் புதிதாகக் கற்பதும் இல்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தக் கருவியையும் நான்கு கேள்விகளால் அளந்துவிடலாம்: எதை எழுதுகிறது, யார் முடிவுப்படி எழுதுகிறது, எப்போது எடுத்து வருகிறது, எழுதியது காலப்போக்கில் பொய்யாகிவிட்டால் அதை யார் நீக்குவது. பெரும்பாலான கருவிகள் முதல் மூன்றில் நிறைய உழைப்பைச் செலுத்தியிருக்கின்றன. நான்காவதில்தான் அவற்றின் தரம் வெளிப்படுகிறது.

சூழல் சாளரம் இரண்டு இலட்சம் டோக்கனுக்கு (மாதிரி உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகள்) வளர்ந்துவிட்டதே, சில மாதிரிகளில் பத்து இலட்சம்கூட ஆகிவிட்டதே, எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செலவை விட்டுவிட்டாலும் அது பலன் தராது. நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்தியை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துவதையும், நடுவில் உள்ளதைத் தவறவிடுவதையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். உரையின் பொருளை வெக்டர்களாக, அதாவது எண்வரிசைகளாக, வைத்துத் தேடும் தரவுத்தளத்தை உருவாக்கும் குரோமா நிறுவனம் 2025 ஜூலையில் 18 மாதிரிகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையும், உள்ளீடு நீள நீள எளிய பணிகளில்கூட நம்பகத்தன்மை சரிவதைப் பதிவு செய்தது. தேவையற்ற நினைவு வெறுமனே பயனற்றதாக இருப்பதோடு நிற்பதில்லை; தேவையான நினைவின் மீதான கவனத்தையும் அது குறைக்கிறது. நினைவகக் கருவியைத் தேர்பவர் இதை மறந்துவிடக் கூடாது.

இனி எளிய கோப்புகளுக்கு வருகிறேன். அமர்வு தொடங்கும்போதே உதவியாளர் தானாகப் படிக்கும் ஓர் உரைக்கோப்பை வைப்பது இன்று ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் உள்ள வழக்கம். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோடு என்ற உதவியாளரில் அதன் பெயர் கிளாட்.எம்டி, பல கருவிகளுக்கும் பொதுவாக 2025இல் பரவிய வடிவம் ஏஜென்ட்ஸ்.எம்டி. இந்தப் பொது வடிவம் 2025 டிசம்பரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அமைந்த ஏஜென்டிக் ஏஐ அறக்கட்டளையின் பொறுப்புக்குச் சென்றதால், ஒரு நிறுவனத்தின் விருப்பத்துக்கேற்ப மாறிவிடுமோ என்ற அச்சம் குறைந்திருக்கிறது. சோதனைகளை ஓட்டும் கட்டளை, தொடக்கூடாத அடைவு, தேதியை எந்த வடிவில் சேமிக்கிறீர்கள் என்பது போன்றவை இந்தக் கோப்பில் இருந்தாலே, நீங்கள் சொல்லும் அன்றாடத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கோப்பைச் சிறியதாக வையுங்கள். ஒவ்வொரு அமர்விலும் இது முழுமையாக உள்ளே செல்கிறது என்பதால், இரண்டு திரைகளுக்குள் படித்து முடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டால் அதன் பாதிப் பயன் போய்விட்டது என்றே நான் கருதுவேன்.

இதே எண்ணத்தைச் சற்று விரிவாக்கியவர்கள் கிளைன் என்ற திறமூல உதவியாளரின் பயனர்கள். அவர்களிடையே பரவிய மெமரி பேங்க் முறையில் ஆறு மார்க்டவுன் கோப்புகள் இருக்கும்: திட்டத்தின் நோக்கம், பயனருக்கான தேவை, தற்போது நடக்கும் வேலை, கட்டமைப்பு முறைகள், தொழில்நுட்பச் சூழல், முன்னேற்றம். ஒவ்வொரு பணியின் தொடக்கத்திலும் ஆறையும் படிக்க வேண்டும் என்று உதவியாளருக்கு அறிவுறுத்தப்படுகிறது. நோக்கமும் கட்டமைப்பும் மெதுவாக மாறுபவை, தற்போதைய வேலை நாள்தோறும் மாறுவது என்ற வேறுபாட்டை இந்தப் பிரிப்பு மதிக்கிறது, அதுவே இதன் சிறப்பு. ஆனால் முன்னேற்றக் கோப்பு நாட்குறிப்பாக மாறி நீண்டுகொண்டே போகும். மாதம் ஒருமுறையாவது யாராவது அதை வெட்டிச் சுருக்க வேண்டியிருக்கும்.

கோப்பில் எதை எழுத வேண்டும் என்பதில் என் கருத்து உறுதியானது: நிரலைப் படித்தாலே தெரிந்துவிடும் எதையும் நினைவில் எழுதாதீர்கள். வரியைக் கணக்கிடும் செயல்கூறு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று எழுதினால், அந்தக் கோப்பின் பெயர் மாறிய நாளிலிருந்து உங்கள் நினைவகம் உதவியாளரைத் தவறான இடத்துக்கு அனுப்பத் தொடங்கும். எழுதாமலே விட்டிருந்தால் அது தானே தேடிக் கண்டுபிடித்திருக்கும். மாறாக, பைசாவை முழுமையாக்குவதை ஒவ்வொரு உருப்படியிலும் செய்யாமல் பட்டியலின் இறுதித் தொகையில் மட்டும் ஏன் செய்கிறீர்கள், உருப்படிவாரியாகச் செய்தால் எந்தக் கணக்கு இடிக்கும் என்பதை நிரலில் எங்கும் காண முடியாது. நிரல் என்ன செய்கிறது என்பது நிரலிலேயே இருக்கிறது. அது ஏன் அப்படிச் செய்கிறது, எந்த மாற்று வழிகள் கைவிடப்பட்டன என்பவை மனிதர்களின் தலைக்குள்தான் இருக்கின்றன. அறிவார்ந்த உதவியாளர் உங்கள் நிரலைச் சீராக்க முயலும்போது, கைவிடப்பட்ட அந்த மாற்று வழியையே புதிய மேம்பாடாக முன்மொழிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைத் தடுப்பதே நினைவகத்தின் முதன்மையான பணி.

இதற்கு ஏற்ற வடிவத்தை மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011லேயே முன்வைத்துவிட்டார். கட்டமைப்பு முடிவுப் பதிவு என்று அறியப்படும் அந்த முறையில், ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு. அதில் சூழ்நிலை, முடிவு, நிலை, விளைவுகள் ஆகிய பகுதிகள் இருக்கும். முடிவு பின்னர் மாறினால் பழைய கோப்பை அழிப்பதில்லை. அதன் நிலையைப் புதிய முடிவால் மாற்றப்பட்டது என்று குறித்துவிட்டு, புதிய கோப்பு எழுதப்படும். மனிதர்களுக்காக உருவான இந்த வழக்கம் உதவியாளர்களுக்கும் மிக நன்றாகப் பொருந்துகிறது. முதன்மைக் கோப்பில் இந்தப் பதிவுகளின் தலைப்புகளை மட்டும் வரிசைப்படுத்தி, தேவையானபோது உரிய கோப்பைத் திறந்து படிக்கச் சொன்னால், சூழல் சாளரமும் நிரம்பாது.

நினைவகம் என்று அழைக்கப்படாவிட்டாலும், நினைவின் தேவையையே குறைக்கும் ஒரு வழியையும் இங்கே சொல்ல வேண்டும். பால் கௌதியர் உருவாக்கிய ஐடர் என்ற திறமூலக் கருவி, ட்ரீ-சிட்டர் பகுப்பானைக் கொண்டு களஞ்சியம் முழுவதிலும் உள்ள வகுப்புகள், செயல்கூறுகள், அவற்றை யார் அழைக்கிறார்கள் என்ற தொடர்புகள் ஆகியவற்றை எடுத்து, அந்தத் தொடர்புகளின் அடிப்படையில் முக்கியமானவற்றைத் தரவரிசைப்படுத்தி, இயல்பாக ஏறத்தாழ ஆயிரம் டோக்கனுக்குள் ஒரு வரைபடமாகச் சுருக்கித் தருகிறது. எதுவும் சேமித்து வைக்கப்பட்ட குறிப்பு அல்ல. ஒவ்வொரு முறையும் நிரலிலிருந்தே வருவதால் அது காலாவதியாவதில்லை. செரீனா என்ற எம்ஐடி உரிமக் கருவி, நிரல் எழுதும் எடிட்டர்களில் பயன்படும், நிரலின் அமைப்பை அறிந்து சொல்லும் மொழிச் சேவையகங்கள் வழியாக இதுபோன்ற பணியைச் செய்வதோடு, தான் கண்டறிந்ததைத் திட்ட அடைவுக்குள் மார்க்டவுன் நினைவுகளாகவும் எழுதி வைக்கிறது. உங்கள் நிரல்தொகுப்பு பெரியதாக இருந்தால், தனி நினைவகக் கருவியைத் தேடுவதற்கு முன் இந்த வகையைப் பார்ப்பது நல்லது.

அடுத்த நிலை, உதவியாளரை வெளிக் கருவிகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாக இயங்கும் நினைவகச் சேவையகங்கள். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் திறந்த தரமாக வெளியிட்ட இந்த நெறிமுறையால், ஒருமுறை எழுதிய நினைவகச் சேவையகத்தைப் பல உதவியாளர்களும் பயன்படுத்த முடிகிறது. எடுத்துக்காட்டாக அவர்கள் தந்த சேவையகங்களில் ஒன்று மெமரி. பொருள்கள், அவற்றுக்கிடையே உறவுகள், ஒவ்வொரு பொருளைப் பற்றிய கூற்றுகள் என்ற மூன்றைக் கொண்ட அறிவு வரைபடத்தை, ஒரு வரிக்கு ஒரு ஜேசன் (JSON) வடிவப் பதிவு என்ற எளிய கோப்பாக அது சேமிக்கிறது. முறையைப் புரிந்துகொள்ள மிக நல்ல கருவி. அன்றாட வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தேடல் வெறும் சொற்பொருத்தமாக இருக்கிறது, கூற்று எப்போது எழுதப்பட்டது என்ற விவரம் இல்லை, வரைபடம் முழுவதையும் படிக்கும் வசதியை உதவியாளர் அடிக்கடி நாடினால் மேலே சொன்ன சாளரச் சிக்கல் திரும்பி வருகிறது. இதே நெறிமுறையில் இயங்கும் பேசிக் மெமரி இன்னும் முதிர்ச்சியானது: குறிப்புகள் மார்க்டவுன் கோப்புகளாகவே உங்கள் வட்டில் இருக்கும், எஸ்கியூலைட் தரவுத்தளம் அவற்றுக்கான அட்டவணையாக மட்டும் செயல்படும். தரவுத்தளம் பழுதானாலும் கோப்புகளிலிருந்து அதை மறுபடி உருவாக்கிவிடலாம் என்ற வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் உரிமம் ஏஜிபிஎல் என்பதால், அந்த நிரலை உங்கள் சொந்தச் சேவையில் சேர்த்து இணையம் வழியாகப் பிறருக்கு வழங்க நினைத்தால் மட்டும் உரிம நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

தானாகவே எழுதிக்கொள்ளும் கருவிகள் மீதுதான் இன்று ஆர்வம் மிகுதி. கிளாட் கோடுக்கான கிளாட்-மெம் செருகுநிரல், அமர்வின் வெவ்வேறு தருணங்களில் தானாக இயங்கும் ஹூக்குகள் என்ற சிறு நிரல்களைக் கொண்டு, உதவியாளர் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியின் விளைவையும் பிடித்து, அதை மொழி மாதிரியைக் கொண்டே சுருக்கி, எஸ்கியூலைட்டில் சேமித்து, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் தொடர்புடையவற்றைச் சேர்க்கிறது. மெம்ஜீரோ என்ற திறமூல நினைவகக் கருவியின் முறை வேறு: உரையாடலிலிருந்து உண்மைகளை மாதிரியைக் கொண்டு பிரித்தெடுத்து, ஏற்கெனவே உள்ள ஒத்த நினைவுகளோடு ஒப்பிட்டு, சேர்ப்பதா, திருத்துவதா, நீக்குவதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்பதையும் மாதிரியிடமே முடிவு செய்யச் சொல்வது என்று அதை உருவாக்கியவர்கள் 2025இல் விவரித்தார்கள். உழைப்பின்றி நினைவு சேர்கிறது என்பது உண்மையான நன்மை. ஆனால் விலையும் உண்டு. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் மாதிரியைத் தனியே அழைக்க வேண்டியிருப்பதால் டோக்கன் செலவு கூடுகிறது. அதைவிட முக்கியமாக, உதவியாளர் ஒரு பிழைக்கான காரணத்தைத் தவறாக ஊகித்து, அந்த ஊகத்தைக் கொண்டு எப்படியோ சோதனையைத் தேற வைத்திருந்தால், அந்த ஊகம் உறுதிப்பட்ட உண்மையாகச் சுருக்கத்தில் பதிவாகிவிடுகிறது. அடுத்த அமர்வில் அது தன் பழைய ஊகத்தையே சான்றாக எடுத்துக்கொள்கிறது. மனிதர் ஒருவர் படித்து ஏற்காத நினைவைத் திட்டத்தின் அறிவாக நான் மதிப்பதில்லை. கடந்த சில நாள்களின் வேலைத் தொடர்ச்சிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையின் சிந்தனைக்கு வித்திட்டது மெம்ஜிபிடி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு அது. கணினியின் முதன்மை நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே இயங்குதளம் தரவுகளை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல, சூழல் சாளரத்துக்கும் வெளிச் சேமிப்புக்கும் இடையே எதை எப்போது மாற்றுவது என்பதை மாதிரியே கருவிகளை அழைத்து முடிவு செய்யட்டும் என்பது அதன் கருத்து. அதிலிருந்து வளர்ந்த லெட்டா இன்று அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. எப்போதும் சாளரத்தில் இருக்கும் சிறு நினைவுத் தொகுதிகள், தேடிப் பெறும் பெரிய காப்பகம் என்ற அதன் பிரிப்பை, நான் மேலே பரிந்துரைத்த சிறிய முதன்மைக் கோப்பு, தனித்தனி முடிவுப் பதிவுகள் என்ற அமைப்பிலும் காணலாம். ஆனால் லெட்டா தானே ஒரு முழு முகவர் தளம்; முகவர் என்பது கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் உதவியாளர். இருக்கும் உதவியாளரோடு ஒட்டவைக்கும் சிறு கருவியாக அதை எண்ணி இறங்காதீர்கள்.

காலத்தால் மாறும் உண்மைகளைக் கையாள்வதில் முழுக் கவனம் செலுத்திய கருவி, செப் நிறுவனத்தின் திறமூல வெளியீடான கிராஃபிட்டி. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறோம் என்று மார்ச்சில் ஒரு குறிப்பு, போஸ்ட்கிரஸுக்கு மாறிவிட்டோம் என்று ஆகஸ்டில் ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் வெக்டர் தேடலுக்கு இரண்டும் தரவுத்தளத்தைப் பற்றிய வாக்கியங்கள், இரண்டும் கேள்விக்கு ஒரே அளவு நெருக்கமானவை. எது முன்னே வரும் என்பதற்கு உறுதியில்லை. கிராஃபிட்டியில் ஒவ்வொரு உறவும் உலகில் எப்போது உண்மையாக இருந்தது என்ற காலத்தையும், அமைப்பு அதை எப்போது அறிந்துகொண்டது என்ற காலத்தையும் தனித்தனியே தாங்கியிருக்கும். முரணான புதிய செய்தி வந்தால் பழைய உறவு அழிக்கப்படாமல் முடிவுக் காலம் குறிக்கப்படுகிறது. ஆகவே இப்போது என்ன என்று கேட்டாலும், ஏப்ரலில் எழுதிய இடம்பெயர்ப்பு நிரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாலும் சரியான விடை கிடைக்க வழி இருக்கிறது. வடிவமைப்பில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆயினும் இதற்கு நியோ4ஜே அல்லது ஃபால்கர்டிபி போன்ற வரைபடத் தரவுத்தளம் ஒன்றை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு செய்தியையும் உறவுகளாகப் பிரிக்க மாதிரி அழைப்புகளும் வேண்டும். இருவர் குழுவுக்கு நைகார்டின் நிலைக் குறிப்பே இந்தப் பயனில் பெரும்பங்கைச் செலவின்றித் தந்துவிடும். பல குழுக்கள், பல களஞ்சியங்கள், ஆண்டுக்கணக்கான முடிவுகள் உள்ள நிறுவனத்துக்குத்தான் கிராஃபிட்டி தன் உழைப்புக்கு ஈடு கொடுக்கும்.

வேலை எங்கே நின்றது என்பதை நினைவில் வைப்பது தனிச் சிக்கல். மென்பொருள் பொறியாளர் ஸ்டீவ் யெக்கி 2025 அக்டோபரில் வெளியிட்ட பீட்ஸ் என்ற கருவி இதைக் கையாள்கிறது. நீண்ட பணியை உதவியாளர் மார்க்டவுன் திட்டக் கோப்புகளாக எழுதத் தொடங்கினால், பாதி முடிந்த திட்டங்கள் பல குவிந்து, எது நடப்பில் உள்ளது என்று அதற்கே தெரியாமல் போவதைக் கண்ட அவர், பணிகளையும் எந்தப் பணி எதற்காகக் காத்திருக்கிறது என்ற சார்புகளையும் களஞ்சியத்தோடு சேர்ந்து பயணிக்கும் தரவாக மாற்றினார். தடையின்றி இப்போதே தொடங்கக்கூடிய பணி எது என்று புதிய அமர்வு ஒரே கட்டளையில் கேட்டுவிடலாம். பல நாள்கள் நீளும் மறுசீரமைப்பு வேலை உங்களுக்கு இருந்தால், மற்ற எதற்கும் முன்னர் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கருவிகளின் பக்கங்களில் காணும் மதிப்பெண்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் பல லோகோமோ என்ற 2024ஆம் ஆண்டுச் சோதனைத் தொகுப்பில் பெறப்பட்டவை. இரு மனிதர்கள் பல அமர்வுகளாக நடத்தும் நீண்ட உரையாடலை நினைவில் வைத்து விடை சொல்வதை அது அளக்கிறது, நிரலாக்கத்தை அளப்பதில்லை. அதன் மதிப்பெண்கள் குறித்து மெம்ஜீரோவும் செப்பும் 2025இல் வெளிப்படையாகவே முரண்பட்டன. அதே ஆண்டு லெட்டா, உரையாடல்களை வெறும் கோப்புகளாக வைத்து, தேடவும் திறக்கவும் மட்டும் தெரிந்த ஒரு முகவரைச் சிறிய மாதிரி ஒன்றைக் கொண்டு ஓட்டி, அதே சோதனையில் 74 விழுக்காடு பெற்றதாக அறிவித்தது. மாதிரிகள் கோப்புகளைத் தேடுவதில் நன்கு பழகியவை என்பதால் இது வியப்பளிப்பதில்லை. கோப்புகளில் தொடங்குங்கள் என்ற என் அறிவுரைக்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் குறிப்பு எழுதலாமா என்ற கேள்விக்கு, எழுதலாம், ஆனால் தேடல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே விடை. கோப்பு முழுவதையும் மாதிரி நேரடியாகப் படிக்கும் முறையில் தமிழ்க் குறிப்பு நன்றாகவே புரிந்துகொள்ளப்படுகிறது; பெரும்பாலான டோக்கன் பிரிப்பான்களில் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் டோக்கன் செலவாகும் என்பது மட்டுமே வேறுபாடு. தேடல் அட்டவணையை நம்பும் கருவிகளில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுவுரைத் தேடல், இயல்பான அமைப்பில், யூனிகோடு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் ஒட்டுக்குறிகள் என்ற வேறு வகையில் இருப்பதால், அவை சொல்லைப் பிரிக்கும் இடைவெளிகளாகக் கொள்ளப்படுகின்றன. விளைவாக, விலை என்ற சொல் வகரமும் லகரமுமாகப் பிரிந்துவிடுகிறது; வேலை என்ற சொல்லும் அப்படியே பிரிகிறது. ஒன்றைத் தேடினால் மற்றதும் வரும். விலைப்பட்டியல் மென்பொருளுக்கு இது எவ்வளவு தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையை உருவாக்கும்போது ஒட்டுக்குறி வகைகளையும் சொல்லின் பகுதியாகச் சேர்க்கும் விருப்பத்தைக் கொடுத்தாலோ, மும்மூன்று குறியீடுகளாகப் பிரிக்கும் ட்ரைகிராம் முறையைத் தேர்ந்தாலோ சரியாகிவிடும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வருவதால், விலையை, விலைக்கு போன்ற வடிவங்களையும் பிடிக்கும் ட்ரைகிராமே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

பொருளை வைத்துத் தேடும் வெக்டர் முறையிலும் இதுபோன்ற ஒன்று உண்டு. குரோமா இயல்பாகப் பயன்படுத்தும் மினிஎல்எம் மாதிரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயிற்றுவிக்கப்பட்டது. தமிழ் வாக்கியங்களின் பொருளை அதனால் சரிவரப் பிரித்தறிய முடியாது. பிஜிஇ-எம்3, மல்டிலிங்குவல் ஈ5 போன்ற பன்மொழி மாதிரிகளை உங்கள் கணினியிலேயே இயக்கி அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். கருவி அந்த மாற்றத்துக்கு இடமளிக்கிறதா என்பதை நிறுவும் முன்னரே பாருங்கள், ஏனெனில் மாதிரியை மாற்றினால் சேமித்த எல்லாக் குறிப்புகளுக்கும் வெக்டர்களைப் புதிதாக உருவாக்க வேண்டும். திறமூலமாக இருப்பதன் நன்மை நம்மைப் போன்றவர்களுக்கு இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது: மூடிய சேவையில் இந்தக் குறையை நாம் புகாராக மட்டுமே எழுத முடியும், இங்கே ஒரு வரியை மாற்றித் தமிழுக்கு வேலை செய்ய வைக்கலாம், அந்தத் திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்பவும் செய்யலாம்.

பாதுகாப்பைக் கடைசியில் சொல்வதால் அது சிறியது என்று எண்ண வேண்டாம். நினைவு நிலைத்திருப்பதால், அதற்குள் புகுந்த தீங்கும் நிலைத்திருக்கும். இணையப் பக்கம் ஒன்றில் மறைத்து வைத்த அறிவுறுத்தலைக் கொண்டு சாட்ஜிபிடியின் நினைவில் ஒரு கட்டளையைப் பதியவைத்து, அதன்பின் நடக்கும் உரையாடல்களை வெளியே கசியவிட முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஹன் ரேபெர்கர் 2024 செப்டம்பரில் செய்து காட்டினார். நிரலாக்க உதவியாளர்களின் விதிக் கோப்புகளில் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு எழுத்துகளால் கட்டளைகளை ஒளித்துவைக்க முடியும் என்பதைப் பில்லர் செக்யூரிட்டி நிறுவனம் 2025 மார்ச்சில் வெளிப்படுத்தியது. எனவே பிறருடைய களஞ்சியத்திலிருந்து நினைவுக் கோப்புகளை நகலெடுக்கும்போது, அந்நியர் தந்த நிரலை ஓட்டும் முன் காட்டும் எச்சரிக்கையைக் காட்டுங்கள். தானாகப் பதிவு செய்யும் கருவிகளில் இன்னொரு அபாயம்: இரகசியங்கள் வைக்கப்படும் சூழல் மாறிகளின் கோப்பை உதவியாளர் ஒருமுறை திறந்தாலே, கட்டண வாயிலின் இரகசியத் திறவுகோல் நினைவுத் தரவுத்தளத்தில் எழுதப்பட்டுவிடலாம். அத்தகைய கோப்புகளைப் படிக்கவே உதவியாளருக்கு அனுமதி தராதீர்கள். சுருக்கும் வேலை உங்கள் கணினியில் நடக்கிறதா, வெளிச் சேவையகத்தில் நடக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சியிருப்பது பகிர்வு பற்றிய கேள்வி. நினைவு கோப்புகளாக இருந்தால், கிட் (git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியே அதைப் பார்த்துக்கொள்ளும்: உங்கள் தோழர் எழுதிய முடிவுப் பதிவு, நிரல் மாற்றத்தோடு அதே கமிட்டில் (ஒன்றாகப் பதியப்படும் மாற்றத் தொகுப்பில்) வரும், நிரலை மதிப்பாய்வு செய்யும்போதே நீங்கள் அதையும் படித்து ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், பழைய கிளைக்குத் திரும்பினால் அந்தக் கிளையின் காலத்து நினைவே இருக்கும். ஒருவரது கணினியில் மட்டும் இருக்கும் தரவுத்தளத்தில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை. அமர்வை முடிக்கும் முன், இன்று எடுத்த முடிவுகளில் நிரலில் தெரியாதவை எவை, அவற்றை முடிவுப் பதிவாக எழுதிக் காட்டு என்று உதவியாளரிடம் கேளுங்கள். அது தருவதைத் திருத்தி நீங்கள் கமிட் செய்யுங்கள். விளக்கங்கள் எந்த மொழியில் வேண்டும், எந்த எடிட்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது போன்ற தனிப்பட்ட விருப்பங்களைத் தனிக் கோப்பில் வைத்து, அதைக் கிட் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முழுமையாக்கல் விதி, சோதனைக் கட்டளை, தொடக்கூடாத அடைவு ஆகிய மூன்றையும் இன்றே எழுதி, அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமல் புதிய அமர்வொன்றில் வரிக் கணக்கீட்டில் ஒரு மாற்றம் கேட்டுப் பாருங்கள். அது மூன்றையும் மதித்தால் உங்களுக்கு இப்போதைக்கு வேறு கருவி தேவையில்லை. எதைத் தவறவிடுகிறது என்று எழுதினால், அதற்குரிய கருவியைக் குறிப்பாகச் சொல்ல முடியும்.